நின்ற பம்பும் நீரின் போக்கும்: வேக்போர்டிங் படகுகளில் எடைநீர் பம்ப் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, எத்தனை அடி ஆழத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் தூக்கும் என்பதைத்தான். அமெரிக்க ஏரிகளில் வேக்போர்டிங் (படகு இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு) படகு வைத்திருப்பவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்: இந்த பம்ப் மணிக்கு எத்தனை கேலன் தள்ளும்? தவறான கேள்வி என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. பம்ப் ஓடாமல் நிற்கும்போது அதன் வழியே தண்ணீர் போகுமா, போகாதா என்பதை முதலில் கேட்டால், குழாய், வால்வு, அடித்தட்டுத் துளை, கம்பி ஆகியவற்றின் தேர்வு தானாக வரிசைப்படும். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு வகைமாதிரிப் படகு: ஏறத்தாழ 6.5 மீட்டர் நீளம், பின்புறம் பெட்ரோல் என்ஜின் அமைந்த வி-டிரைவ் வகை, 12 வோல்ட் மின்சாரம், பின்பக்கம் இருபுறமும் ஒவ்வொரு பாலஸ்ட் பை, முகப்பில் ஒரு சிறிய பை. 'பாலஸ்ட்' என்பது படகைத் தாழ்த்துவதற்காகவே ஏற்றும் சுமை. இங்கே அந்தச் சுமை ஏரித் தண்ணீர் என்பதால் 'எடைநீர்' என்று குறிப்பிடுகிறேன்.

1. சுமையின் கணக்கு

1985இல் கலிபோர்னியாவின் டோனி ஃபின் 'ஸ்கர்ஃபர்' என்ற பலகையைக் கொண்டுவந்தார். 1990இல் ஹெர்ப் ஓப்ரையன் 'ஹைப்பர்லைட்' பலகையை வெளியிட்டார். இந்த இரண்டுக்கும் பிறகு படகிடம் எதிர்பார்ப்பு தலைகீழாகிவிட்டது. பனிச்சறுக்கைப் போல நீரில் சறுக்குபவருக்குப் பின்னலை, அதாவது படகின் பின்னே எழும் அலை, தட்டையாக இருக்க வேண்டும். வேக்போர்டருக்கோ அந்த அலைதான் எகிறிக் குதிக்கும் மேடை. படகு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு பெரிதாகப் பின்னலை எழும். ஆகவே படகைக் கனமாக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் மணல் மூட்டைகளையும், கூப்பிட்டால் வரக்கூடிய நண்பர்களையும் ஏற்றினார்கள். நண்பர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், மணல் மூட்டையைக் கரையேற்றும்போது இடுப்பு ஒடியும். தேவையானபோது ஏறி, வேலை முடிந்ததும் தானே இறங்கிப்போகும் சுமை தண்ணீர் ஒன்றுதான்.

சந்தையில் பைகள் பவுண்டுக் கணக்கில் வருகின்றன: 400, 750, 1100 என்பவை பரவலான அளவுகள். நன்னீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் 750 பவுண்டு பை ஏறத்தாழ 340 லிட்டர் கொள்ளும். நம் மாதிரிப் படகில் பின்னால் இரண்டு 750, முன்னால் ஒரு 400 என்று வைத்தால் மொத்தம் 860 கிலோவைத் தாண்டுகிறது. 75 கிலோ எடையுள்ள பதினோரு பேரை ஏற்றியதற்குச் சமம். படகின் கொள்திறன் பலகையில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையோடு இதையும் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அமெரிக்க விதிப்படி அந்தப் பலகை 20 அடிக்குக் குறைவான படகுகளுக்குத்தான் கட்டாயம். இந்த வகைப் படகுகளில் பெரும்பாலானவை அந்த நீளத்தைத் தாண்டியவை. பம்ப் தேர்வுக்குள் நுழையும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

2. இரு குலங்கள்

2.1. மையவிலக்கு பம்ப்

ரூல், ஆட்வுட் போன்ற நிறுவனங்களின் சிறு பிளாஸ்டிக் பம்புகள் இந்தக் குலம். தூண்டில்காரர்களின் படகில், பிடித்த மீன் உயிரோடிருக்க நீரைச் சுழற்றுவதற்காக வந்தவை என்பதால் 'ஏரேட்டர் பம்ப்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு சிறு இம்பெல்லர் சுழன்று நீரை விளிம்புக்கு வீசுகிறது. அந்த வீச்சுதான் அழுத்தம். நம் ஊர் மோனோபிளாக் மோட்டாரின் தத்துவமும் இதுவே. விலை குறைவு, மின்சாரமும் குறைவாகவே இழுக்கும், சிறிது நேரம் வறண்டு ஓடினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால் இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் நடுவே எப்போதும் திறந்த வழி உண்டு. நின்றுவிட்டால் இது பம்ப் இல்லை. குழாயில் ஒரு அகன்ற பகுதி, அவ்வளவுதான்.

2.2. ரப்பர் இதழ் பம்ப்

ஜாப்ஸ்கோ, ஜான்சன் நிறுவனங்கள் எடைநீருக்கென்றே செய்யும் வகை. வட்டக் கூட்டின் ஒருபுறம் உட்புறமாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைக் கடக்கும்போது இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் வளைந்து நீரைப் பிழிந்து தள்ளுகின்றன, கடந்ததும் நிமிர்ந்து நீரை உறிஞ்சுகின்றன. இந்த உறிஞ்சலால் காற்றையும் இழுத்துத் தானாகவே ப்ரைம் ஆகும். மோட்டாருக்குப் போகும் பிளஸ், மைனஸை மாற்றிவிட்டால் எதிர்த்திசையில் ஓடும். ஆக, நிரப்பவும் வடிக்கவும் ஒரே பம்ப், ஒரே குழாய், ஒரே துளை. நின்றிருக்கும்போது இதழ்கள் கூட்டுச் சுவரோடு அழுந்தி வழியை அடைக்கின்றன. முழுமையான வால்வு என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பகுதி வால்வு.

இதற்கு விலையும் உண்டு. ரப்பருக்கு நீர்தான் மசகு. வறண்டு ஓடினால் சூடேறிக் கிழியும். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே நிலையில் வளைந்து கிடந்த இதழ் அந்த வளைவிலேயே இறுகிப்போகும். ஆகவே இம்பெல்லர் என்பது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய உதிரிப்பொருள். அதை அறியாமல் வாங்குகிறவர் இரண்டாம் கோடையில் பம்பைத் திட்டுவார்.

டயாபிரம் பம்புகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தளம் கழுவ வைத்திருக்கும் அந்த வகை நிமிடத்துக்கு 15, 20 லிட்டர் அளவில்தான் தரும். ஒரு பை நிரம்புவதற்குள் வெயில் ஏறிவிடும். படகு ஓரத்திலிருந்து ஏரிக்குள் தொங்கவிடும் கைப் பம்ப், அடித்தட்டில் துளை போட மனமில்லாதவர்களுக்கு நல்ல தொடக்கம்.

3. பெட்டியில் அச்சிட்ட எண்

'மணிக்கு 800 கேலன்' என்று பெட்டியில் இருந்தால் அது நிமிடத்துக்கு 50 லிட்டர். 340 லிட்டர் பை ஏழு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். பொருத்திய பிறகு பத்து நிமிடம் எடுத்தால் வாங்கியவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது. யாரும் ஏமாற்றவில்லை. அந்த எண், குழாயே இல்லாமல், உயரமே தூக்காமல், பெரும்பாலும் 13.6 வோல்ட்டில் அளந்தது. படகில் குழாயும் உண்டு, உயரமும் உண்டு, 13.6 வோல்ட் மட்டும் அரிதாகவே உண்டு.

உயரம் உண்மையில் பெரிய பிரச்சினை இல்லை. ஏரி மட்டத்திலிருந்து பையின் தலை வரை முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். எதிரி குழாய்தான். உள்சுவர் வழுவழுப்பான 5 மீட்டர் ஹோஸில் நிமிடத்துக்கு 50 லிட்டர் ஓடினால், ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரப்படி உராய்வில் போகும் அழுத்தம் இவ்வாறு வருகிறது: முக்கால் அங்குல ஹோஸில் 2.7 மீட்டர், ஒரு அங்குலத்தில் 0.66 மீட்டர், 1⅛ அங்குலத்தில் 0.37 மீட்டர். உராய்வு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் கால் அங்குலம் குறைத்ததற்கே நான்கு மடங்கு தண்டனை. முக்கால் அங்குல ஹோஸ் போட்டவர், தண்ணீரைத் தூக்குவதைவிடக் குழாயைத் தேய்ப்பதற்கே அதிக மின்சாரம் செலவழிக்கிறார்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நிரம்ப நேரமாகிறது என்று அதே ஹோஸில் இருமடங்கு திறனுள்ள பம்பை மாட்டினால் இருமடங்கு நீர் வராது. ஓட்டம் இரட்டித்தால் உராய்வு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். சுருங்காமல் இருக்க உள்ளே வரிவரியாக நெளிவு வைத்த மலிவு ஹோஸாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஹோஸ் முனையைச் செருகும் இணைப்புக் குழல்களின் உட்துளை ஹோஸைவிடச் சிறியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என் கருத்தில், பம்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஹோஸில் போடுவதுதான் இந்தத் துறையில் கிடைக்கும் மிக மலிவான வேகம்.

ரப்பர் இதழ் பம்ப் இந்த உராய்வுக்கு அவ்வளவாக மசியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறிப்பிட்ட அளவு நீரைப் பிழிந்தே தீரும் என்பதால் எதிர்ப்பு கூடினாலும் ஓட்டம் மெதுவாகத்தான் குறையும். பெட்டி எண்ணை மட்டும் வைத்து இரு குலங்களையும் ஒப்பிடுவது இதனால் பொருந்தாது. காகிதத்தில் தோற்ற ரப்பர் பம்ப், படகில் பல சமயம் முந்திவிடும்.

4. நின்ற பம்ப்

4.1. ஓடும் படகின் அழுத்தம்

வேக்போர்டிங் வேகம் சாதாரணமாக மணிக்கு 32 முதல் 38 கிலோமீட்டர். 36 என்று எடுத்துக்கொள்வோம், அதாவது விநாடிக்கு 10 மீட்டர். அடித்தட்டிலுள்ள துளையின் வாய் முன்னோக்கிக் கரண்டி போல் இருந்தால், அந்த வேகத்தில் மோதும் நீரின் அழுத்தம் 5.1 மீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம். வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும் எளிய கணக்கு இது. பைக்குத் தூக்க வேண்டிய உயரம் முக்கால் மீட்டர்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பம்ப் சுவிட்சைத் தொடவே வேண்டாம். ஏரியே பம்பாக மாறி, நின்றுகிடக்கும் ஏரேட்டர் பம்பின் திறந்த வழியாகப் பையை நிரப்பிவிடும். காலியாகத் திரும்ப வேண்டிய படகு தானே கனமாகும் மர்மத்துக்குப் பெரும்பாலும் விளக்கம் இதுதான்.

வாயைப் பின்னோக்கித் திருப்பினால் எதிர்விளைவு. துளையைக் கடந்து விரையும் நீர் வெற்றிடம் போல் இழுக்க, நிரப்பி வைத்த பை வழியெல்லாம் கசிந்து காலியாகும். சவாரி செய்பவர் மூன்றாம் சுற்றில் அலை சிறுத்துவிட்டது என்பார். ஓட்டுநர் வேகத்தைக் குறை சொல்வார்.

கயிற்றை விட்டுவிட்டுப் பின்னலையின் மேலேயே சறுக்கும் வேக்சர்ஃபிங்கில் வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர் அளவுதான். அதில் இதே அழுத்தம் 1.1 மீட்டராகச் சுருங்குகிறது. ஒரே படகு, ஒரே பம்ப், காலையில் சர்ஃப் செய்தபோது ஒழுங்காக நடந்து மாலையில் வேக்போர்டிங்கில் மட்டும் கோளாறு காட்டுவதற்கு இந்த வர்க்கக் கணக்கே காரணம்.

4.2. காற்றுப் பிடித்தல்

சிலர் எல்லா வாயையும் பின்னோக்கியோ தட்டையாகவோ வைத்தால் தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். அப்போது இன்னொரு தொல்லை எழுகிறது. படகு முகப்பைத் தூக்கிக்கொண்டு விரையும்போது துளை வழியே காற்று புகுந்து பம்பின் கூட்டுக்குள் தங்கிவிடும். மையவிலக்கு பம்பால் காற்றை வீச முடியாது; வீசினாலும் அழுத்தம் பிறக்காது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் வராது. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் 'காத்துப் பிடிச்சிருச்சு' என்று சொல்லி ப்ரைமிங் குழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதும், ஃபுட் வால்வைச் சந்தேகிப்பதும் இதே நோய்க்குத்தான். படகில் வாளிக்கு இடமில்லை. பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே, வெளியேறும் வாய் மேல்நோக்கி இருக்குமாறு அமைத்து, காற்று தானாக மேலேறிப் போக வழிவிட வேண்டும். அல்லது வாயை முன்னோக்கி வைத்து, படகை மெல்ல முன்னே செலுத்திக் காற்றை விரட்ட வேண்டும்.

முன்னோக்கிய வாய் காற்றுத் தொல்லையைத் தீர்க்கும், தானே நிரம்பும் தொல்லையைக் கொண்டுவரும். பின்னோக்கிய வாய் அதற்கு நேரெதிர். இரண்டில் எதை எடுத்தாலும் மையவிலக்கு பம்போடு ஒரு மூடக்கூடிய வால்வு சேர்ந்தே ஆக வேண்டும்: கையால் திருப்பும் பால் வால்வோ, மின்சாரத்தில் இயங்குவதோ, நான்-ரிட்டர்ன் வால்வோ. நான்-ரிட்டர்ன் வால்வு ஒரு திசையைத்தான் அடைக்கும். நிரப்பும் குழாயில் அதைப் போட்டால் பை பின்னோக்கிக் காலியாவது நிற்கும், ஏரி முன்னோக்கித் தள்ளுவது நிற்காது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வால்வு வாங்கி மாட்டி, 'போட்டும் பயனில்லை' என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

4.3. பொதுக் குழாய்

அடித்தட்டில் போடும் ஒவ்வொரு துளையும் படகு மூழ்குவதற்கான ஒரு வாய்ப்பு. அதனால் ஒரே பெரிய துளையிலிருந்து கிளைகள் பிரித்து எல்லா பம்புகளுக்கும் நீர் தருவது நல்ல பழக்கம். துளையின் வாயிலேயே ஒரு பால் வால்வு வைத்து, படகைக் கட்டிவிட்டுப் போகும்போது மூடிவிட வேண்டும். இங்கேயும் நின்ற பம்பின் கேள்விதான் தீர்ப்பு சொல்கிறது. கிளைகளில் ரப்பர் இதழ் பம்புகள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் பையைத் தானே காக்கும். ஏரேட்டர் பம்புகள் இருந்தால் எல்லாப் பைகளும் கிளைக் குழாய் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தொடங்கும்.

சர்ஃபிங்கில் இது விளையாட்டையே கெடுக்கும். அலையை ஒருபுறம் உயர்த்த இடப்பக்கப் பையை மட்டும் நிரப்பிப் படகைச் சாய்த்தால், நிரம்பிய பையின் நீர் கிளைக் குழாய் வழியாக வலப்பக்கப் பைக்கு மெல்ல நகர்ந்து படகு நிமிரப் பார்க்கும். இடக்கால் முன்வைப்பவருக்குப் பிறகு வலக்கால் முன்வைப்பவர் ஏறினால் ஒருபக்கம் 340 லிட்டர் வடித்து மறுபக்கம் 340 லிட்டர் நிரப்ப வேண்டியிருந்த காலத்தில், பம்பின் வேகம்தான் ஒரு மாலையில் எத்தனை பேர் சவாரி செய்யலாம் என்பதைத் தீர்மானித்தது. 2012இல் மாலிபு நிறுவனம் 'சர்ஃப் கேட்' என்ற பின்பலகையைக் கொண்டுவந்தது. இருபுறமும் நிரப்பி வைத்துப் பலகையை மட்டும் திருப்பிப் பக்கம் மாற்றும் வழி அது. அந்த வசதியுள்ள படகில் வேகத்துக்குச் சற்று மதிப்புக் குறைந்தது. நிரம்பியது நிரம்பியபடியே நிற்க வேண்டும் என்ற தேவை குறையவில்லை.

5. கம்பியும் தீப்பொறியும்

ரப்பர் இதழ் பம்ப் ஒன்று 15 முதல் 20 ஆம்பியர் அளவில் இழுக்கும் என்று வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு. பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தொலைவில் 18 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால், போக வர 10 மீட்டரில் 1.2 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். அமெரிக்கப் படகுத் தரக் குழுவான ஏபிஒய்சி சாதாரணச் சுற்றுகளுக்கு அனுமதிக்கும் 10 விழுக்காட்டு எல்லையை அது தாண்டுகிறது. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட் அளவில் நிற்கும். மூன்று பம்புகளையும் ஒருசேர ஓட்டினால் 50 ஆம்பியருக்கு மேல். ஐட்லிங்கில் இருக்கும் ஆல்டர்னேட்டர் அதை முழுதும் ஈடுகட்டாது, மிச்சம் பேட்டரியிலிருந்து போகும். பம்ப் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், உற்பத்தியாளர் சொன்ன அளவில். வறண்டு ஓடுவதைத் தடுக்க டைமர் சுவிட்ச் வைப்பது ரப்பர் பம்புக்கு ஆடம்பரம் இல்லை.

இந்தப் பிரிவில் பேரம் பேசக் கூடாத ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் தேங்கும். பம்பின் மோட்டாரிலோ கார்பன் பிரஷ் பொறி பறக்கும். பெட்ரோல் என்ஜின் அறையில் வைக்கும் மின்கருவிகள் தீப்பொறி வெளியேறாத வகையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. தோட்டத்துக்கு விற்கும் 12 வோல்ட் பம்ப் பாதி விலையில் அதே வேலையைச் செய்யும், அந்த ஒன்றைத் தவிர.

6. வடிப்பு: பையும் தொட்டியும்

நிரப்புவதில் பையும் கெட்டித் தொட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். வடிப்பதில் எதிரெதிர். கெட்டித் தொட்டிக்கு நீர் வெளியேறும்போது காற்று உள்ளே வர வேண்டும், இல்லையேல் பம்ப் திணறும். பைக்குக் காற்று வரவே கூடாது. பை சுருங்கித் தட்டையாக வேண்டும். மேல் வென்ட் குழாய் திறந்தே இருந்தால், பாதி நீர் மிச்சமிருக்கும்போதே பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். எனவே பையின் வென்ட்டில் வெளியே மட்டும் திறக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். நிரம்பியதும் அதன் வழியே படகுக்கு வெளியே நீர் பாய்வதுதான் 'போதும்' என்ற சைகை. வென்ட் குழாய் நிரப்பும் குழாயைவிடச் சிறியதாக இருந்தால் பை பலூன் போல் உப்பி, தையலோ இணைப்போ பிரிந்து, 340 லிட்டரும் அடிக்குழிக்குள் இறங்கும். அதற்கென அடிக்குழியில் தானியங்கி பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

ஏரேட்டர் பம்பால் வடிக்கும்போது பையின் துணி வாயிலேயே ஒட்டி அடைத்துக்கொள்ளும். உள்ளே வாயருகே சல்லடை வைத்த தடுப்புக் கிண்ணம் போட்டால் போதும்.

7. வடியாத நீர்

வடியாமல் தங்கும் நீரோடு அயல் உயிரிகளும் பயணிக்கும். 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்டது. கடல் கடந்து வந்த கப்பல்கள் கொட்டிய எடைநீர்தான் அதை அங்கே சேர்த்தது. 2007 ஜனவரியில் நெவாடா எல்லையிலுள்ள மீட் ஏரியில் அதன் உறவான குவாகா மட்டி தென்பட்டது. இவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை, நீரோடு மிதப்பவை. பெருங்கப்பலின் எடைநீர் தொடங்கிய பரவலை இப்போது டிரெய்லரில் ஏரிக்கு ஏரி போகும் சிறு படகின் எடைநீர் தொடரக்கூடும். மினசோட்டா மாநிலத்தில் வடிகால் அடைப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகைச் சாலையில் இழுத்துப் போக வேண்டும். மேற்கு மாநிலங்கள் பலவற்றில் வழியில் ஆய்வுச் சாவடிகள் உண்டு. சந்தேகம் வந்தால் வெந்நீர் பாய்ச்சுவார்கள். படகின் வெளிப்புறத்துக்கு 60 டிகிரி செல்சியஸ், எடைநீர் அமைப்புக்கு 49 டிகிரி. இந்தக் குறைப்பு பம்பின் ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளை நினைத்துச் செய்தது.

எந்த பம்பும் கடைசிச் சொட்டு வரை வடிப்பதில்லை. ஏரேட்டர் அமைப்பில் பையின் மடிப்புகளிலும் ஹோஸ் தாழ்ந்து தொங்கும் இடங்களிலும் நீர் தங்கும். ரப்பர் இதழ் அமைப்பில் இதழ்களுக்கு இடையிலும், பம்புக்கும் பைக்கும் நடுவிலும். நான்காம் பிரிவில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்காகப் பரிந்துரைத்த அதே வால்வு, அதே அடைக்கும் இதழ், இங்கே ஏரியை விட்டு வந்த பிறகும் தண்ணீரைப் பிடித்தே வைத்திருக்கிறது. ஆய்வாளர் வெளித்துளையில் வெந்நீர்க் குழாயை வைத்தால் அது தானாக உள்ளே போகாது. உரிமையாளர் ஏறி உட்கார்ந்து, சுவிட்சை 'நிரப்பு' பக்கம் தட்டி, அந்த வெந்நீரைப் பைக்குள் இழுக்க வேண்டும். பிறகு 'வடி' பக்கம் தட்ட வேண்டும், இதழ்கள் வறண்டு ஓடுமுன் நிறுத்தவும் வேண்டும்.